எந்த ஒயர் சுடுகிறது?

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். அதைவிட முன்னால் நிற்பது, ஏன் என்று தெரிந்துகொள்ளும் அரிப்பு. கீழ்வீட்டு ஆன்ட்டி என்னைக் காலி செய்யச் சொன்ன அன்று இரண்டும் சேர்ந்து கிளம்பின.

ஜோகுபாளையத்தில் அவருடைய வீட்டு மாடியில்தான் வாடகைக்கு இருக்கிறேன். வேலை ஆனேக்கல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில். பஸ்ஸை நம்பிப் பலமுறை தாமதமாகப் போய், இனி ஒரு தரம் நடந்தால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதனால்தான் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கினேன். என் ஜன்னல் வழியாக ஒயரைக் கீழே இறக்கிச் சார்ஜ் போடுவேன்.

"சொல்ப கீழ வாம்மா. ரெண்டு நாளா ஒயர் கருகுற வாடை. உன் மூக்கு அடைச்சுக்கிச்சா?" என்று ஆன்ட்டி கன்னடம் கலந்து கத்தினார். "இனிமே இங்க சார்ஜ் போடாத. முடியாதுன்னா வேற வீடு பாத்துக்கோ. பூனாவுல இருக்கற என் பையனும் அதையேதான் சொல்றான்."

சார்ஜ் இல்லையென்றால் ஸ்கூட்டர் இல்லை, ஸ்கூட்டர் இல்லையென்றால் வேலை இல்லை. "என் ஒயருக்கு ஒண்ணும் ஆகலை ஆன்ட்டி" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு மேலே வந்து தொட்டுப் பார்த்தேன். ஐயையோ, சுட்டது!

கோபம் போய் அரிப்பு வந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒயரை அடியிலிருந்து நுனிவரை தடவினேன். எல்லா இடத்திலும் ஒரே சூடு இல்லை. மிச்ச நீளத்தை அழகாகச் சுருட்டி நாடா போட்டுக் கட்டி வைத்திருந்தேனே, அந்தச் சுருளின் நடுவில்தான் அதிகம். ஒழுங்காக வைத்ததற்குத் தண்டனை! விரித்துப் போட்டிருந்தால் காற்றுப் பட்டுச் சூடு கொஞ்சம் தணிந்திருக்கும். ஒரு முனையை வெட்டி உள்ளே பார்த்தேன். மேலே பிளாஸ்டிக் தடிமனாக இருந்தது. உள்ளே செம்பு பேருக்கு நாலு இழை. வெளிப்பருமனைப் பார்த்து வாங்கிய ஏமாளி நான்.

கடைக்குப் போய், தடியான ஒயர் வேண்டும் என்றேன். "எதுக்கு மேடம்? மிக்ஸிக்கா, ஏசிக்கா?" என்றார் கடைக்காரர். எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று சார்ஜரின் முதுகிலேயே எழுதியிருந்ததைப் படம் எடுத்துப் போயிருந்தேன். அதைத் தாங்குகிற செம்பு ஒயர், எர்த்தோடு சேர்த்து மூன்று கம்பி, தேவையான நீளத்துக்கு மட்டும். கூடவே பெரிய மூன்று முள் பிளக். என் சமையலறையின் பெரிய சாக்கெட்டில் மாட்டிவிட்டு, சார்ஜ் ஏற ஏறப் போய்ப் போய்த் தொட்டேன். சூடே இல்லை. எனக்கு ஒரே குஷி.

மறுநாள் காலை ஸ்கூட்டருக்குச் சார்ஜ் போடவே இல்லை. "மறுபடியும் வாடை!" என்று ஆன்ட்டியின் குரல். விழுந்தடித்து இறங்கி, வாடை வந்த வழியே போனால் அவருடைய குளியலறை. கெய்சரின் பெரிய பிளக்கை ஒரு குட்டி கன்வெர்ட்டரில் சொருகி, விளக்குக்குப் போடுகிற சின்ன சாக்கெட்டில் மாட்டியிருந்தார். கன்வெர்ட்டர் கருகி, ஒரு பக்கம் உருகித் தொங்கியது. ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தேன்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்! "வீட்டுக்குள்ளயே கொள்ளியை வெச்சுக்கிட்டு என்னை ஏன் ஆன்ட்டி விரட்டுறீங்க?"

அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "கெய்சரா இருக்கும்னு எனக்கும் சந்தேகம்தாம்மா. பையன்கிட்ட சொன்னா, 'தனியா இருந்தது போதும், வீட்டை வித்துட்டு இங்க வா'ம்பான். ஸ்கூட்டர்னு சொன்னா நீ போவ. கெய்சர்னு சொன்னா நான் போகணும்."

நன்றாகத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவருடைய போன் அடித்தது. பையன்தான். போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பாவமாக இருந்தது.

"எலெக்ட்ரீஷியன் வந்து கெய்சருக்குத் தனி லைன் இழுக்கற வரைக்கும் அதைத் தொடக் கூடாது. சரியா?"

"சரிம்மா."

போனை வாங்கிக்கொண்டேன்.

"ஆமாங்க, என் ஸ்கூட்டர் ஒயர்தான். மாத்திட்டேன். அம்மாவுக்கு இனிமே தொந்தரவு இருக்காது."