அப்பா வெஸ்ட்லிக்குப் போய்ப் போட்ட அட்டை

அப்பாவின் குளிர் ஜாக்கெட்டில் எப்போதும் பாண் மணக்கும். புளித்த மா, கருகிய ஓரம், கொஞ்சம் வியர்வை... பதினாலு வருடம் ஒரே பேக்கரி. நாங்கள் வந்து குடியேறிய குளிர்நாட்டில், குரோருட் என்ற நகர ஓரத்தில் எங்கள் வீட்டின் மணமே அதுதான்.

பேக்கரியை மூடினார்கள். மூன்று வாரத்தில் அந்த மணம் போய்விட்டது.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. பள்ளிக்கூடம் முடித்து, ஒரு சூப்பர் மார்க்கெட்டில் காசாளராக நின்றேன். எந்நேரமும் யாரோடாவது சண்டை பிடிக்க வேண்டும் போல இருக்கும்.

வேலை போனதை அப்பா ஒருவருக்கும் சொல்லவில்லை. யாரும் கேட்டால் "லீவு" என்று சொல்ல வேண்டும் என்பது அம்மாவுக்கும் எனக்கும் உத்தரவு. உதவிப்பணம் எடுப்பவனைப் பற்றி எங்கள் சனத்திடம் ஒரே வசனம்தான் இருந்தது: "அவர் சோசியல்ல இருக்கிறார்." அப்பா எடுத்த டாக்பெங்கர் அந்த ஏழை உதவி அல்ல, வேலை இழந்தவனுக்கு அவன் உழைத்த உழைப்பை வைத்து அரசு தரும் பணம் என்று எத்தனை தரம் சொன்னாலும் காதில் ஏறாது. கோயில் வரிசையிலும் அதே இளக்காரம், தேவாலய வாசலிலும் அதே இளக்காரம். இந்த ஒன்றில் மட்டும் எங்களுக்குள் சைவம், வேதம் என்ற பேதமே இல்லை!

பகலில் முன் அறைத் திரையை இழுத்து மூடிவிடுவார். எதிர்ப் புளொக்கில் இரண்டு தமிழ் வீடுகள். வெளியே மே மாத வெயில்... ஆறு மாத இருட்டுக்குப் பிறகு வந்த வெயில். உள்ளே நாங்கள் லைட் போட்டுக்கொண்டு இருந்தோம்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மெல்டெகோர்ட் என்ற அட்டையை நிரப்பி, அந்தப் பணம் தரும் அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். வேலை செய்தாயா, எந்த நாள், எத்தனை மணித்தியாலம் என்று கட்டங்கள். அப்பா முகம் வழித்து, சேர்ட் போட்டு, மேசையில் இருந்து "இல்லை" என்று நிரப்புவார். பிறகு அதை எங்கள் கட்டடத்துக்குக் கீழே இருக்கும் சிவப்புத் தபால்பெட்டியில் போடமாட்டார். ரீ-பானா ரயில் ஏறி, கடைசித் தரிப்பான வெஸ்ட்லிக்குப் போய்ப் போட்டுவிட்டு வருவார்.

"அந்தக் கடிதவுறையை ஆரப்பா பாக்கப் போயினம்?"

"நீ சும்மா இரு. சனத்துக்குக் கண் இருக்கு."

அந்த மாதம்தான் பக்கத்துத் தரிப்பான ரொம்சோஸில் இருந்த சிவா மாமாவின் மகள் பெரியபிள்ளையாகி, சாமத்தியவீடு. மாமா அப்பாவின் பழைய சிநேகிதர். எங்கள் ஆட்களின் கொண்டாட்டங்களில் மண்டபத்துச் சமையல் ஆம்பிளைகளின் பொறுப்பு. கூலி கிடையாது, கூப்பிட்டால் போக வேண்டும். அப்பா சனி, ஞாயிறு இரண்டு நாளும் கிடாரத்துக்குப் பக்கத்திலேயே நின்றார். வீட்டுக்கு வந்தபோது ஜாக்கெட்டில் கத்தரிக்காய்ப் பொரியல் மணந்தது. முகத்தில் பழைய அப்பா.

அடுத்து அந்த அலுவலகத்தில் இருந்து வந்தது ஒரு கடிதம். யாரிடம் வேலை செய்தீர்கள்? கூலி இல்லையென்றால் அவரிடம் கையெழுத்து வாங்கி அனுப்புங்கள். அதுவரை பணம் நிற்கும்.

அட்டையில் சனி பத்து மணித்தியாலம், ஞாயிறு ஒன்பது என்று எழுதியிருக்கிறார் மனிதர்.

"ஏனப்பா எழுதினனீங்கள்?"

"காசு வாங்காட்டியும் எழுதச் சொல்லித்தானே அதில கிடக்கு." கடிதத்தை மடித்து மேசையில் வைத்தார். "மூண்டு மாசம் இல்லை, இல்லை எண்டு எழுதிக் கை கூசிப்போச்சு பிள்ளை. ஒருக்கால் எண்டாலும் செய்தனான் எண்டு எழுத விருப்பமா இருந்துது."

கையெழுத்து வேண்டுமென்றால் சிவா மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

"அந்தக் காசு வேண்டாம். விடு."

எனக்குப் பொறுக்கவில்லை. "விடியக்காலமை எழும்பி இந்த ஊருக்கே பாண் போட்டனீங்கள். வரி வெட்டேக்க வெக்கமில்லை, திருப்பித் தரேக்க வெக்கமோ? பேக்கரியை மூடினவனுக்கு இல்லாத வெக்கம் உங்களுக்கு ஏன்?"

இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, "நீயும் வா" என்றார்.

சிவா மாமா குசினி மேசையில் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். அப்பா தன் சப்பாத்தைக் கழற்றி வைத்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா பேனை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அண்ணை, போன வருசம் நானும் ஏழு மாசம் இதிலதான் இருந்தனான்."

"எனக்குச் சொல்லவேயில்லையே!"

"நீங்கள் சொன்னனீங்களோ?"

அப்பா யோசித்துவிட்டுக் கேட்டார்: "அட்டையை எங்கை கொண்டுபோய்ப் போட்டனி?"

"உங்கட புளொக்குக்குக் கீழ இருக்கிற சிவப்புப் பெட்டியில. இஞ்சை போட்டால் ஆரும் கண்டிடுவினம் எண்டு."

தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த மாமி திரும்பினா. "ரெண்டு பெரிய மனுசர்! நல்லகாலம் ரெயினுக்குள்ள முட்டுப்படேல்லை."

அப்பா சிரித்தார். மூன்று மாதத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு.

அடுத்த அட்டையை அப்பா வீட்டுச் செருப்போடு கீழே இறங்கிப் போட்டுவிட்டு வந்தார். வந்து திரையை இழுத்துத் திறந்தார். கண்ணாடி முழுக்கத் தூசி... அம்மா ஏசி ஏசித் துடைத்தா. மழைக்காலம் தொடங்கும்போது அப்பா ஒரு படிப்புக்குப் போய், பாரந்தூக்கி வண்டி ஓட்டப் பழகி, களஞ்சியம் ஒன்றில் வேலை எடுத்தார். இப்போது ஜாக்கெட்டில் மட்டைப்பெட்டி மணம்.

எட்டு வருடம் ஓடிவிட்டது. போன மாதம் எனக்கு வேலை போனது. அதே அட்டை, இப்போது கணினியில். பெட்டியும் இல்லை, ரயிலும் இல்லை. ஒளிக்க நினைத்தால் முன்னைவிட எளிது. நான் அன்று பின்னேரமே வீட்டில் சொல்லிவிட்டேன்.

போன கிழமை ஒரு கல்யாணவீட்டில், அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்ட ஒருவர், "மகள் என்ன செய்யிறா?" என்று கேட்டார்.

"வேலை போட்டுது. டாக்பெங்கர் எடுக்கிறா, வேலை தேடுறா" என்றார் அப்பா. மேசை முழுக்கக் கேட்கிற மாதிரி. "உங்கட வேலையிடத்தில ஏதும் வேலை இருந்தாலும் சொல்லுங்கோ."

அந்த மனிதர் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சல் வந்தது. இந்தச் சனம் திருந்தாது என்று நினைத்தேன்.

முந்தநாள் அவரே எனக்கு ஃபோன் எடுத்தார். குரல் மிகவும் தணிவு, பக்கத்தில் ரயில் சத்தம்.

"பிள்ளை... அந்த அட்டையைக் கொம்பியூட்டரில எப்பிடி நிரப்புறது?"

"வீட்டை வாங்கோ அங்கிள்," என்றேன். "பகலில வாங்கோ. திரை திறந்துதான் கிடக்கும்."