தவிட்டுக்கு வாங்கின பிள்ளைகள்

உம்மே ஹானிக்கு அழுவதுதான் தொழில். கோடம்பாக்கம் டப்பிங் தியேட்டர்களில் சினிமாவுக்கும் சீரியலுக்கும் கைக்குழந்தைக் குரல் கொடுப்பவள். திரையில் தொட்டிலைக் காட்டுவார்கள். உள்ளே குழந்தை நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கும். வீறிட்டு அழுவது நாற்பதைத் தாண்டிய ஹானி. பசி அழுகை வேறு, காதுவலி அழுகை வேறு, தூக்கச் சொல்லி அடம்பிடிக்கிற அழுகை வேறு என்பாள். நான் எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. பிளே ஸ்கூல் நடத்துகிறவளுக்கு அந்தப் புத்தி தானாக வந்துவிடும். ஒருநாள் என் முன்னால் அழுது காட்டினாள். எதிர்வீட்டு அம்மாள் பால்கனிக்கு வந்து, "பச்சைக் குழந்தையை இப்படியா கதற விடறது?" என்று என்னைத்தான் திட்டினாள்.

அதன்பின் சனிக்கிழமைதோறும் மீர்சாகிப்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து, மந்தைவெளியில் இருக்கிற என் பள்ளிக்கூடத்துக்குக் கதை சொல்ல வந்தாள். யானையாவாள், ஆட்டோவாவாள், பிரஷர் குக்கராவாள். என் அதட்டலைக் காதிலேயே வாங்காத வாண்டுகள் அவள் வாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். எனக்கு வயிறு எரியும்.

போன ஆடி மாதம், "இந்த வாட்டி பாப்பா கதை வச்சிக்கலாம்க்கா" என்றாள். மளமளவென்று திட்டமும் போட்டாள். புடவையில் தூளி கட்டுவது, பொம்மைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது, எல்லாரும் சேர்ந்து தாலாட்டுவது. கடைசியில் ஒரு விளையாட்டு: பிள்ளைகள் தாங்கள் கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்த போட்டோவைக் கொண்டுவர வேண்டும், எது யார் என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். பெற்றோர்களின் வாட்ஸாப் குழுவில் போட்டேன். ஒரே ஆரவாரம்.

மறுநாள் காலை கற்பகத்தின் அம்மா ஸ்ரீலக்ஷ்மி வந்து நின்றாள்.

"மிஸ், எங்காத்துல அந்த மாதிரி போட்டோ இல்லை. கற்பகம் எங்ககிட்ட வரச்சே ரெண்டரை வயசு. அதுக்கு முன்னாடி எப்படி இருந்தாள்னு எனக்கே தெரியாது."

தத்தெடுத்த குழந்தை என்பது எனக்கும் ஹானிக்கும் தெரியும். இருந்தும் இருவர் மண்டையிலும் இது உறைக்கவில்லை.

"அவளுக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"எல்லாம் சொல்லியிருக்கோம். அவளுக்கு அதுல பெருமைதான். ஆனா மத்த குழந்தைகள் விவரம் புரியாம ஏதாவது சொல்லிடுத்துன்னா? நீ மட்டும் வேறன்னு ஒரு வார்த்தை விழுந்தா போறும் மிஸ். அதை நான் எப்படித் திரும்ப எடுப்பேன்?" கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

நிகழ்ச்சியையே தூக்கிவிடலாம் என்றேன். ஹானி போனிலேயே சண்டைக்கு வந்தாள்.

"இன்னாக்கா நீ! போட்டோவைத் தூக்கு. பாப்பாவை எதுக்குத் தூக்கற? அந்தப் பொண்ணும் பாப்பாவா இருந்ததுதானே?"

மறுபடி உட்கார்ந்து திட்டம் போட்டோம். ஆஸ்பத்திரி வேண்டாம், அம்மா வயிறு வேண்டாம். கதை தொடங்கும்போதே பாப்பா வீட்டில் இருக்கும். எங்கிருந்து வந்தது என்ற பேச்சே எழக் கூடாது. எதற்கும் ஸ்ரீலக்ஷ்மியை வரச்சொல்லி, ஹாலின் மூலையில் ஒரு நாற்காலியைப் போட்டேன்.

சனிக்கிழமை வந்தது. ஹானி துணி சுற்றிய பொம்மையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து அழுதாள். பிறந்த குழந்தையின் அழுகை, மூச்சு முட்டி முட்டி வருகிற அழுகை. பிள்ளைகள் அரண்டு போனார்கள். ஒரு பெண் எழுந்து வந்து பொம்மையின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று நான் நினைத்த நேரத்தில் நாஸியாவின் மகன் உபைத் கையைத் தூக்கினான்.

"ஆன்ட்டி, இந்தப் பாப்பா எங்கேர்ந்து வந்துச்சு?"

எந்தக் குரலும் வருகிற ஹானி, பொம்மையை இறுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். மூலையில் ஸ்ரீலக்ஷ்மி பாதி எழுந்துவிட்டாள்.

"இதுகூடத் தெரியாதா?" என்றாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாண்டு சாய்மா. "தவுட்டுக்கு வாங்கினாங்க. என்னையும் அப்டித்தான் வாங்கினாங்க. எங்க மாமூ சொன்னாரு."

நம் வீடுகளில் பிள்ளைகளைச் சீண்டுவதற்கென்றே சொல்கிற பேச்சு. அதைக் கேட்டு ஒருமுறையாவது அழாத பிள்ளை உண்டா? இதுகள் அதை உண்மை என்று நம்பி, அழுது முடித்து, சொந்த ஊரைச் சொல்வதைப் போலச் சொல்லத் தொடங்கின.

"என்னை ரங்கநாதன் தெருவுல வாங்கினாங்க. ஆடித் தள்ளுபடியில."

"என்னை பெசன்ட் நகர் பீச்சுல எடுத்தாங்க."

"என்னை கிண்டி பார்க்ல. கொரங்கு கூண்டுலேர்ந்து!" இது உபைத். அவனுக்கு அதில் அப்படி ஒரு கர்வம்.

அந்த ஹாலில் ஒரு பிள்ளைகூட, தான் பிறந்ததாகச் சொல்லவில்லை.

கற்பகம் எழுந்தாள். "அம்மாவும் அப்பாவும் என்னைத் தேடினா" என்றாள். "ரயில்ல போய்த் தேடினா."

"எவ்ளோ நாளு தேடினாங்க?" என்றான் உபைத்.

அது அவளுக்குத் தெரியவில்லை. திரும்பி அம்மாவைப் பார்த்தாள். ஸ்ரீலக்ஷ்மி நாற்காலியை விட்டு எழுந்து வந்தாள். "மூணு வருஷம்டா, கண்ணா" என்றாள்.

நாலு வயதுப் பிள்ளைகளுக்கு மூன்று வருஷம் என்பது கிட்டத்தட்ட ஆயுசு முழுக்க. எல்லாரும் கற்பகத்தையே பார்த்தார்கள். உபைத்தின் உதடு பிதுங்கியது.

"என்னை ஒரே நாள்ல எடுத்துட்டாங்க" என்றான். "என்னை யாருமே தேடல." ஓவென்று அழுதான். ஹானியால்கூட அப்படி அழ முடியாது.

கற்பகம் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "அழாதே. எங்கேயாவது போய் ஒளிஞ்சுக்கோ. உங்கம்மா வந்து தேடுவா."

அவ்வளவுதான். உபைத் பாய்ச்சுருளுக்குள் புகுந்தான். சாய்மா கதவுக்குப் பின்னால் போனாள். ஒருத்தன் திரைச்சீலையைச் சுற்றிக்கொண்டான். தாலாட்டும் இல்லை, பொம்மைக்குக் குளியலும் இல்லை. அழைத்துப்போக வந்த அம்மாக்களை ஹானி வாசலிலேயே மடக்கினாள்.

"தேடுங்க. நல்லாத் தேடுங்க. சட்டுனு கண்டுபுடிச்சிடாதீங்க."

பாய்க்கு வெளியே உபைத்தின் இரண்டு காலும் நீட்டிக்கொண்டிருந்தன. நாஸியா அதைப் பார்த்தாள். பார்த்தும், "உபைத்! எங்கடா போய்ட்ட?" என்று ஷெல்ஃபுக்கு மேலே, ஜன்னலுக்கு வெளியே எல்லாம் தேடினாள். பாய் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

கற்பகம் மட்டும் நடு ஹாலில் காலை நீட்டி உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஏம்மா ஒளியலை?" என்று கேட்டேன்.

இதுகூடத் தெரியவில்லையே என்பதாக என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான்தான் கெடச்சாச்சே, மிஸ்."