சிங்கக் கதிரைகளில் இரண்டு தலைவர்கள்

மராத்தி எழுத்தாளர்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு கதிரைகளின் தயவால் தெரிந்ததுதான். அந்தக் கதிரைகள் எங்களுடையவை. பாரிசில், நம்மவர் கடைகள் நிறைந்த லா சப்பலில், நானும் கணவரும் விழாச் சாமான் கடை வைத்திருக்கிறோம். சால்வை, மாலை, குத்துவிளக்கு எல்லாம் விற்பனைக்கு. மணவறையும், மாப்பிள்ளையும் பொம்பிளையும் அமரும் இரண்டு பெரிய கதிரைகளும் வாடகைக்கு. சிவப்பு வெல்வெட் மெத்தை, பொன்னிறக் கைப்பிடி, கைப்பிடி நுனியில் சிங்கத் தலை. ஒரு சிங்கத்துக்கு மட்டும் மூக்கு இல்லை. கூசேன்வில்லில் நடந்த ஒரு கலியாணத்தில் மாப்பிள்ளைத் தோழர்கள் யாரோ உடைத்துவிட்டார்கள். யார் என்று இன்றுவரை ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

ஒரு கோடைகாலச் சனிக்கிழமை, கடையில் நிற்க இடமில்லாத நேரம், உயரமான மெலிந்த முதியவர் ஒருவர் உள்ளே வந்தார். வெயிலிலும் கழுத்தில் டை. முகத்தைப் பார்த்தால் நம்மவர் மாதிரிதான் இருந்தார். வாயைத் திறந்ததும் தமிழ் வந்தது, ஆனால் அது லா சப்பல் தெருவில் கேட்கிற தமிழ் இல்லை.

“ஒரு நல்ல சால்வையும், குடுமி வைத்த தேங்காய் ஒன்றும் வேண்டும் அம்மா.”

“முடித்தேங்காய்தானே, இருக்கு சேர். என்ன விசேசம், கலியாணமோ?”

“புத்தக வெளியீடு” என்றார்.

இத்தனை வருடக் கடை வாழ்க்கையில் புத்தகத்துக்காக ஒருவரும் என்னிடம் தேங்காய் வாங்கியதில்லை. அதை எங்கே உடைப்பது என்று கேட்டேன். உடைப்பதில்லையாம், கையில் கொடுப்பதாம். மராட்டியத்தில் ஓர் எழுத்தாளருக்கு மரியாதை செய்வதென்றால் தோளில் சால்வை, கையில் தேங்காய், அவ்வளவுதானாம்.

“ஒரு மராத்தி எழுத்தாளர் எவ்வளவு பெரியவர் என்று தெரிய, அவர் வீட்டு அலமாரியில் எத்தனை சால்வை இருக்கிறது என்று பார்த்தால் போதும். தேங்காயை வைத்துக் கணக்குப் பார்க்க முடியாது. அதைச் சட்னி அரைத்துவிடுவார்கள்.”

எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. கணவரைக் கல்லாவில் இருத்திவிட்டு, அவருக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அவர் பாரிசில் மராத்தி கற்பித்து ஓய்வு பெற்ற பேராசிரியர். இங்கே மராத்தி படிக்க யார் வருவார்கள் என்று கேட்டேன். “சில வருடங்கள் மாணவர்கள் வந்தார்கள். சில வருடங்கள் நான் மட்டும் போய் வந்தேன்” என்றார். தஞ்சாவூரை மராத்திய மன்னர்கள் ஆண்ட காலத்தில் அங்கே எழுதப்பட்ட மராத்தி நாடகங்கள்தாம் அவர் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த விஷயம். அதற்காகத் தஞ்சாவூரில் கிடந்து சுவடிகளைப் புரட்டியபோது கற்ற தமிழ்தான் அவர் பேசிய தமிழ். பையிலிருந்து புத்தகத்தை எடுத்து என் மேசையில் வைத்தார். மேசையின் கண்ணாடி ஒருமுறை அதிர்ந்தது.

“இவ்வளவையும் ஆர் சேர் வாசிக்கிறது?” என்று கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம்.

அவர் கோபிக்கவில்லை. “இதைப் படித்து நல்லது கெட்டது சொல்லக்கூடியவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். அவருக்கு என்னைப் பிடிக்காது” என்றார்.

அந்த ஒருவர் புனேயில் பேராசிரியராக இருந்தவர். இளம் வயதில் இரண்டு பேரும் தஞ்சாவூரில் ஒரே அறையில் தங்கி, ஒரே சுவடிகளைப் படித்தவர்கள். அவை அருமையான மராத்தி நாடகங்கள் என்றார் நம்முடையவர். மராத்தி தஞ்சாவூருக்குப் போய்க் கெட்டுப்போனதற்கு அவைதாம் சாட்சி என்றார் மற்றவர். அத்தோடு பேச்சு நின்றது. அதன்பிறகு புத்தகங்களின் அடிக்குறிப்பில் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தார்களாம்.

“இப்போது அதுவும் இல்லை. கடைசியாக வந்த அவருடைய இரண்டு புத்தகங்களிலும் என் பெயரே கிடையாது. திட்டுவதைக்கூட நிறுத்திவிட்டார் அம்மா.”

இதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. நான் கொடுத்த தேநீரைக் கையிலேயே வைத்திருந்தார். புனேக்காரர் இந்தக் கோடைக்குப் பாரிசுக்குப் பக்கத்தில், ஆர்ஜொந்தெயில் உள்ள மகள் வீட்டுக்கு வந்திருக்கிறாராம். புத்தகத்தைத் தபாலில் அனுப்பி, வெளியீட்டுக்கு வந்து பேசும்படி அழைத்திருக்கிறார் நம்முடையவர். வந்தால் போர்த்தத்தான் சால்வை. “அவர் படித்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியவேண்டும். வேறொன்றும் வேண்டாம்.”

மறுவாரம் அவர் வந்தபோது முகம் வாடியிருந்தது. ஆர்ஜொந்தெயிலிருந்து மகள் தொலைபேசியில் பதில் சொல்லியிருக்கிறாள். அப்பா வருவாராம், ஆனால் தலைவராக மட்டும்தான் வருவாராம். நம்முடையவருக்கு இது பெரிய அவமானம். அவருடைய புத்தகம், அவருடைய விழா, அவர்தானே தலைவர்? மராத்தி எழுத்தாளர்கள் தலைமைப் பதவிக்காக உயிரையும் விடுவார்கள் என்று அவரே சொன்னார்.

அதுவரை மாலைக் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்த என் கணவர் நிமிர்ந்தார். அவருடைய பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கம் சில வருடங்களுக்கு முன் இரண்டாக உடைந்தது. அதற்கு இப்போது இரண்டு தலைவர், இரண்டு செயலாளர், ஒரே ஒரு ஒலிபெருக்கி. ஒலிபெருக்கி எங்கள் வீட்டில் இருப்பதால் எங்கள் பக்கம்தான் உண்மையான சங்கம் என்பது அவர் வாதம்.

“இதுவும் ஒரு பிரச்சினையோ சேர்? ரெண்டு பேரும் தலைவர். ரெண்டு கதிரை போடுவம், ஒரே உயரம். பேசுறதில உங்களுக்கு முதல், அவருக்குக் கடைசி.”

“கடைசிச் சொல் அவருக்கா?”

“இல்லை, கடைசி எனக்கு. நன்றியுரை நான்தானே.”

பேராசிரியர் சிறிது யோசித்துவிட்டுச் சரி என்றார். மண்டபம் இருக்கிறதா, ஆட்கள் வருவார்களா என்று பிறகுதான் விசாரித்தோம். இரண்டுக்கும் இல்லை என்றுதான் பதில். பாரிசிலுள்ள மராத்திக்காரர்கள் ஒரு கைக்குள் அடங்குவார்கள், அவர்களும் விடுமுறைக்குப் போய்விட்டார்களாம். என் கணவருக்கு ஆட்களைத் திரட்டுவதென்றால் சாப்பாடு மறந்துவிடும். சங்கத்தின் பெயரில் ஒரு சின்ன மண்டபம் பிடித்தார். ‘மாபெரும் மராத்திய இலக்கியப் பெருவிழா’ என்று வாட்ஸப்பில் போட்டார். அதன் அடியில் ‘மரக்கறி றோல்ஸ், வடை, தேநீர் உண்டு’ என்று நான் சேர்த்தேன். வந்த கூட்டத்துக்குக் காரணம் என்னுடைய வரிதான் என்று இன்றும் சொல்வேன்.

விழாவன்று வாசலில் நிறைகுடம், குத்துவிளக்கு, பன்னீர்ச்செம்பு. மேடையில் சிங்கக் கதிரைகள். சங்கத்தின் கதிரைகள் மற்றக் கட்சியிடம் இருந்ததால் எங்களிடம் இருந்த சமமான கதிரைகள் அவை மட்டும்தான். புனேக்காரர் குள்ளமாக, உருண்டையாக, கதர்ச் சட்டையோடு வந்தார். கையில் பிளாஸ்டிக் பை, கக்கத்தில் அந்தப் பெரிய புத்தகம். மூக்குள்ள சிங்கக் கதிரையில் போய் நேராக உட்கார்ந்தார். நம்முடையவருக்கு மூக்கில்லாதது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல், நேரே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வில்லியே லே பெல்லிலிருந்து வந்த ஒரு மாமி, பட்டுச்சேலையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தா. மேடையில் கலியாணக் கதிரைகளில் இருந்த இருவரையும் நெடுநேரம் பார்த்தா. பிறகு என் காதுக்குள் கேட்டா.

“இவை ரெண்டு பேருமோ பிள்ளை?”

“ஓம் மாமி, ரெண்டு பேரும்தான்” என்றேன். தலைவர்களைத்தான் கேட்கிறா என்று நினைத்தேன்.

மாமி பெருமூச்சு விட்டா. “சரி, இந்த வயசிலயாவது ஒண்டாச் சேந்தினமே. சந்தோசமா இருக்கட்டும்.”

திருத்துவதற்குள் என் கணவர் மைக்கைப் பிடித்துவிட்டார். ‘மராட்டிய மண்ணின் மங்காத மாணிக்கங்களே’ என்று தொடங்கி மானா எழுத்து தீரும்வரை அவர் விடவில்லை. பிறகு நம் பேராசிரியர் சுருக்கமாக மராத்தியில் பேசினார். கை தட்டினோம். பிறகு புனேக்காரர் எழுந்து புத்தகத்தைத் திறந்தார். அதற்குள்ளிருந்து மஞ்சள் காகிதத் துண்டுகள் எட்டிப் பார்த்தன. புத்தகத்தில் காகிதம் இல்லாத இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

எனக்கு மராத்தியில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் சங்கப் பொதுக்கூட்டங்களில் இருந்து பழகியவளுக்குத் திட்டு எந்த மொழியிலும் விளங்கும். அவர் ஒரு பக்கத்தைத் திறப்பார், விரலால் குத்துவார், குரலை உயர்த்துவார், மூக்கைச் சுளிப்பார், அடுத்த பக்கம் போவார். அவர் மூச்சு வாங்க நிறுத்தும்போதெல்லாம் என் கணவர் கையைக் காட்ட, மண்டபம் முழுவதும் கை தட்டியது. முதல் தட்டலுக்கு அவர் திடுக்கிட்டார். இரண்டாவதற்குத் தலை அசைத்தார். அதன்பிறகு தட்டலுக்காகவே நிறுத்தத் தொடங்கினார். எங்கள் மேடையில், எங்கள் கதிரையிலிருந்து எழுந்து நின்று அந்த நல்ல மனிதரைக் கிழிக்கிறார், எங்கள் சனம் றோல்ஸைக் கடித்துக்கொண்டு தட்டுகிறது.

நம்முடையவர் தலையைக் குனிந்து மடியிலிருந்த காகிதத்தில் ஏதோ எழுதிக்கொண்டே இருந்தார்.

மாமிக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அவர்களுக்கு ஆசி சொல்லாமல் போவது சரியில்லை என்று எழுந்து, பூத்தட்டைத் தூக்கிக்கொண்டு மேடையில் ஏறிவிட்டா. நான் பின்னால் ஓடியும் பிடிக்க முடியவில்லை. திட்டு உச்சத்தில் நின்ற நேரம். மாமி ஒரு பிடி பூவை நம்முடையவர் தலையில் தூவினா. மறு பிடியைப் பேசிக்கொண்டிருந்தவர் தலையில் தூவினா. புனேக்காரர் பேச்சை நிறுத்தி, கண்ணை மூடி, பயபக்தியோடு குனிந்து ஏற்றுக்கொண்டார். பிறகு நெற்றியில் ஒட்டிய ஒரு ரோசா இதழோடு விட்ட இடத்திலிருந்தே திட்டத் தொடங்கினார்.

கடைசியில் புத்தகத்தைப் படாரென்று மூடிவிட்டு உட்கார்ந்தார். கணவர் நன்றியுரைக்குப் பாய்ந்தார். நான் சால்வைத் தட்டோடு மேடைக்குப் போனேன், கொடுப்பதற்கு இல்லை. பேராசிரியரின் பக்கத்தில் குனிந்தேன்.

“சேர், உந்த மனிசனுக்குச் சால்வை போர்த்த என்னால ஏலாது. நான் திருப்பிக் கொண்டுபோறன்.”

அவர் நிமிர்ந்தார். கண்ணாடிக்குப் பின்னால் கண் நிறைந்திருந்தது. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

“என்ன சொன்னவர் சேர்?”

“எல்லாம் தப்பாம் அம்மா. முன்னுரை தப்பு. நாடகங்களின் காலம் தப்பு. நான் எடுத்துக்காட்டிய பாட்டெல்லாம் தப்பு. அடிக்குறிப்பு ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறார். அச்சுப் பிழையைக்கூட எண்ணி வைத்திருக்கிறார்.” மடியிலிருந்த காகிதத்தை எனக்குக் காட்டினார். எல்லாவற்றையும் குறித்து வைத்திருந்தார். அப்போதுதான் அவர் சிரித்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். “ஒரு பக்கம்கூட விடவில்லை அம்மா.”

நான் தட்டை அவர் கையில் கொடுத்தேன்.

அவர் எழுந்து புனேக்காரருக்குச் சால்வையைப் போர்த்தி, தேங்காயைக் கையில் வைத்தார். புனேக்காரர் தம் பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டார். அதற்குள்ளும் ஒரு சால்வை, ஒரு முடித்தேங்காய். இரண்டிலும் எங்கள் எதிர்க்கடையின் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. எதிர்க்கடையில் விற்பது தோளைக் கடிக்கும் சால்வை. அதைச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. நம்முடையவர் அதைப் போர்த்திக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

சனம் கலைந்தது. மறுநாள் கலியாணத்துக்குச் சிங்கக் கதிரைகளை வாகனத்தில் ஏற்றவேண்டும். மண்டபத்துக் காவலாளி சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு மூன்றாம் முறையாக எட்டிப் பார்த்தான். மேடையில் இரண்டு பேரும் சால்வையோடு, மடியில் தேங்காயோடு, கதிரைகளை நெருக்கிப் போட்டுக்கொண்டு ஒரே புத்தகத்தில் குனிந்து கத்திக்கொண்டிருந்தார்கள். நம்முடையவர் ஒரு மஞ்சள் துண்டைப் பிடுங்கி எறிந்தார். மற்றவர் அதை எடுத்துத் திரும்பச் செருகினார்.

“இஞ்சேரும், அவையை எழும்பச் சொல்லும்” என்றார் கணவர்.

நான் எட்டிப் பார்த்தேன். அவ்வளவு பெரிய புத்தகத்தில் முதல் நாலைந்து தாள்தான் புரண்டிருந்தது.

“விடுங்கோ அப்பா” என்றேன். “இன்னும் முன்னுரையே முடியேல்லை.”