இரண்டு பணிஸ் கடுதாசி

மருந்து கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, கட்டிலடியில் கிடக்கும் நோயாளியின் செருப்பைக் காலால் மெல்லத் தள்ளி, இறங்குகிறவரின் பாதம் நேரே போய் நுழைகிற மாதிரி திருப்பி வைத்துவிட்டுப் போகிற தாதிகள் சிலர் உண்டு. பெரும்பாலோர் செய்வதில்லை. செய்கிறவர்களுக்கும் தாங்கள் அதைச் செய்வது தெரியாது. அதைக் கவனித்து வைத்திருப்பவள் கைறுன்னிஸா ஒருத்திதான். வாவியோரத்து ஆஸ்பத்திரியில், ஆண்கள் ஒப்பரேஷன் வாட்டின் தரையைப் பத்தொன்பது வருடமாகத் துடைக்கிறவள் அவள். துடைக்கும்போது ஒவ்வொரு செருப்பையும் எடுத்து வைக்க வேண்டும். ஆகவே எந்தச் செருப்பு எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறது என்பது அவள் கண்ணுக்குத் தப்பாது.

காத்தான்குடியில் பிறந்தவள். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. உம்மா படுக்கையில் விழுந்துவிட, இளையவர்கள் மூன்று பேருக்கும் ஆக்கிப் போட வீட்டில் ஆள் தேவைப்பட்டது. பிறகு கல்யாணம் முடியும்வரை கைத்தறியில் இருந்தாள். ஓடுகிற தறியில் எங்கே ஒரு நூல் அறுந்திருக்கிறது என்று பார்க்கிற கண் அங்கே பழகியது. ஆஸ்பத்திரி வேலை கிடைத்தபோது அந்தக் கண்ணும் கூட வந்தது. வாய் மட்டும் வரவில்லை. "ஓம் மிஸ்", "சரி மிஸ்", "வாறன் மிஸ்" என்ற மூன்றையும் வைத்துக்கொண்டே இத்தனை வருடத்தையும் ஓட்டிவிட்டாள். அவள் குரல் எப்படி இருக்கும் என்று கேட்டால் பழைய தாதிகளே சற்று யோசிக்க வேண்டியிருக்கும்.

நல்ல தாதி யார் என்று அவளுக்குள் ஓர் அபிப்பிராயம் இருந்தது. செருப்பைத் திருப்பி வைத்தால் மட்டும் போதாது என்பதும் தெரியும். அப்படித் திருப்பி வைக்கிற ஒருத்திதான் ஒருநாள் ஏழாம் கட்டில் குளிசையை எட்டாம் கட்டிலுக்கு நீட்டினாள். "என்ட குளிசை மஞ்சளெல்லோ, இது வெள்ளையா இரிக்கி" என்று எட்டாம் கட்டில்காரரே சொன்னதால் தப்பியது. இன்னொருத்தி நோயாளிகளிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டாள், எந்நேரமும் சிடுசிடுப்பு. ஆனால் சேலைன் போத்தல் தீர்வதற்கு ஐந்து நிமிடம் முந்தி அந்தக் கட்டிலடியில் வந்து நிற்பாள். யாரும் கூப்பிட வேண்டியதில்லை. இவள் அவளைவிடத் திறம் என்று ஒரே அடியாகச் சொல்ல கைறுன்னிஸாவால் முடிந்ததில்லை.

ஒவ்வொரு வருடமும் வெள்ளை உடுப்போடு மாணவிகள் வருவார்கள். சில வருடங்களுக்கு முன் வந்தவர்களில் இரண்டு பேரை அவளுக்கு மறக்க முடியாது.

ஒருத்தி இன்ஷிரா. கைறுன்னிஸாவின் பின்தெருப் பிள்ளை. நோன்பு மாதத்தில் அந்த வீட்டிலிருந்து தவறாமல் ஒரு வாளி கஞ்சி வரும். நரம்பே தெரியாத கிழவர்களின் கையை இரண்டு விரலால் தட்டிப் பார்த்து, முதல் குத்திலேயே ஊசியை ஏற்றிவிடுவாள். அவள் கட்டில் விரித்தால் விரிப்பில் ஒரு சுருக்கம் இராது. அந்தக் கைகளைப் பார்ப்பதற்காகவே கைறுன்னிஸா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நிற்பதுண்டு. வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம், எங்கட தெருப் புள்ளக்கு அல்லாஹ் கை குடுத்திரிக்கான் என்று சொல்வாள்.

மற்றவள் பிரஷாந்தி. கிரானில் வேளாண்மை செய்கிற குடும்பம். பாவம், கை ஒன்றும் ஓடாது. கையுறையைப் போடும்போதே கிழித்துவிடுவாள். ஒருமுறை நோயாளியின் கையில் பிறஷர் பட்டியைக் கட்டிக் காற்றும் அடித்துவிட்டு, காதில் குழாயை மாட்ட மறந்து, "ஒண்டும் கேக்கல்லயே ஐயா" என்று கலங்கிப்போய் நின்றாள். நான் உசிரோடதான் இரிக்கன் புள்ள என்று அந்த மனிதர் அவளைத் தேற்ற வேண்டியதாயிற்று. நோயாளி ஒரு கதையைத் தொடங்கினால் அது முடியும்வரை நகரமாட்டாள். அதனால் மற்றவர்கள் நாலு கட்டில் முடிக்கும்போது இவள் ஒன்றில் நிற்பாள். செருப்பைத் திருப்பி வைப்பாள், அதையும் குனிந்து கையால்தான்.

மாணவிகள் எல்லோருக்கும் அவ்வப்போது நடக்கிற வாட்டுப் பரீட்சையில் அவள் இரண்டு தரம் தவறியிருந்தாள். மூன்றாவது தரமும் தவறினால் பயிற்சி அத்தோடு முடிந்தது, வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இது வாட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாவது பரீட்சை ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அன்றைக்கு ஒப்பரேஷனுக்குப் போகிற நோயாளியை முழுமையாக ஆயத்தம் செய்து, எட்டரைக்கு ட்றொலி வரும்போது அனுப்ப வேண்டும். இன்ஷிராவுக்கு ஐந்தாம் கட்டில் ஹலீம். பிரஷாந்திக்குப் பக்கத்துக் கட்டில் வினாயகமூர்த்தி. இரண்டு பேருக்கும் ஹேர்னியா, இரண்டு பேரும் நாலு மாதம் ஒப்பரேஷன் தவணைக்குக் காத்திருந்தவர்கள். ஒரே வாட்டில் மூன்று நாள் கிடந்ததில் மச்சான் மச்சான் என்று ஒட்டிக்கொண்டுவிட்டார்கள். வெறும் வயிறாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மயக்கத்தில் வாந்தி வந்து மூச்சுக்குள் போய்விடும் என்று முதல்நாளே சொல்லியாகிவிட்டது. கட்டில் தலைமாட்டில் "உணவு கொடுக்கக் கூடாது" என்ற அட்டையும் தொங்கியது.

பரீட்சை எடுக்க வந்தவர் பயிற்சி ஆசிரியை கேதீஸ்வரி மிஸ். கையில் புள்ளித்தாளும் மணிக்கூடும். சிரிக்கமாட்டார்.

இன்ஷிரா பதினைந்து நிமிடத்தில் முடித்துவிட்டாள். சாப்பிட்டீங்களா என்று ஹலீமிடம் இரண்டு தரம் கேட்டாள். அவரும் இரண்டு தரம் இல்லை என்றார். எழுதினாள், கையெழுத்து வைத்தாள். பிரஷாந்தி அந்நேரம் வினாயகமூர்த்தியின் மோதிரத்தைக் கழற்றச் சவர்க்காரம் தேடிக்கொண்டிருந்தாள். தட்டு ஒன்று கை தவறி விழுந்து உருண்டது. கைறுன்னிஸா குனிந்து அதை எடுத்துக் கொடுத்தாள். பிள்ளையின் விரல்கள் பச்சைத் தண்ணீர் மாதிரிக் குளிர்ந்திருந்தன.

பிறகு பிரஷாந்தியும் அதே கேள்வியைக் கேட்டாள். வினாயகமூர்த்தியும் இல்லை மனே, சாப்பிடல்ல என்றார். பிரஷாந்தி பேனையைத் தாளில் வைத்தாள். எழுதாமல் நின்றாள்.

அவளுடைய அப்பா விடிய முந்தி தேத்தண்ணியும் மூன்று ரொட்டியும் முடித்துக்கொண்டு வயல் வட்டைக்குப் போகிறவர். பத்து மணிக்கு வந்து, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று சொல்லிக்கொண்டு குந்துவார். அதில் பொய் இல்லை. சோறு இறங்கினால்தான் அங்கே சாப்பாடு. மற்றதெல்லாம் தேத்தண்ணிக் கணக்கு. இதைப் பிற்பாடு அவளே கைறுன்னிஸாவிடம் சொன்னாள்.

"ஐயா, சோறு திங்கல்ல எண்டு தெரியும்," என்றாள் பிரஷாந்தி. "விடியத் தேத்தண்ணி குடிச்ச நேரம் கடிக்க என்ன இருந்தது?"

"அது ஒரு பணிஸ்தான் புள்ள," என்றார் வினாயகமூர்த்தி, சீனி தூவிய பன்னை யார் சாப்பாட்டில் சேர்ப்பார்கள் என்ற மாதிரி.

நோயாளியை அனுப்ப முடியாவிட்டால் பிரஷாந்தி செய்துகாட்ட வேண்டிய வேலையே முடியாது. அதற்குப் புள்ளி கிடைக்குமா என்று யாருக்கும் தெரியாது. அவர் சொன்னது அவளுக்கு மட்டும்தான் கேட்டிருந்தது என்று அவள் நினைத்திருக்கலாம். கட்டிலுக்குக் கீழே துடைத்துக்கொண்டிருந்த கைறுன்னிஸாவுக்கும் கேட்டது. இந்தப் பிள்ளை இப்போது என்ன செய்யப்போகிறது என்று அவள் துடைப்பதை நிறுத்திப் பார்த்தாள்.

பிரஷாந்தி நேரே கேதீஸ்வரி மிஸ்ஸிடம் போனாள். "மிஸ், என்ட ஐயா தேத்தண்ணியும் பணிஸும் எடுத்திருக்கார். அனுப்ப ஏலாது." பிறகு, "மற்றவரையும் ஒருக்காக் கேட்டா நல்லம் மிஸ். அவங்க ரெண்டு பேரும் ஒண்டாத்தான் குடிக்கிற," என்றாள்.

ட்றொலி அப்போது வாசலுக்கு வந்துவிட்டது. இன்ஷிராவுக்கு முகம் சிவந்தது. தான் இரண்டு தரம் கேட்டதாகச் சொன்னாள். அது உண்மையும்தான். மற்றவரின் கட்டிலை விட்டுவிட்டு உங்கள் கட்டிலைப் பாருங்கள் என்று பிரஷாந்திக்குச் சொல்லிவிட்டு, கேதீஸ்வரி மிஸ் தானே ஹலீமிடம் வந்து, சாப்பிட்டீங்களா என்று மறுபடியும் கேட்டார். ஹலீம் நெஞ்சில் கை வைத்து, சத்தியமாகச் சாப்பிடவில்லை என்றார். வினாயகமூர்த்தி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நாலு மாதம் காத்திருந்த கூட்டாளியின் தவணையைத் தன் வாயால் கெடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

ஹலீமை ட்றொலியில் ஏற்றினார்கள்.

கைறுன்னிஸாவின் வாளிக்குப் பக்கத்தில் குப்பைக்கூடை இருந்தது. காலை ஆறரைக்கு இந்த இரண்டு கட்டிலுக்கும் நடுவில் கூட்டும்போது பணிஸ் சுற்றிய கடுதாசி கிடந்தது. சீனி ஒட்டியிருந்தது, எறும்பு இன்னும் ஏறவில்லை. தாதிகளுக்குத் தெரியாததா என்று கூடையில் போட்டுவிட்டுப் போனவள் அவள். இப்போது வாயைத் திறந்தால் குறை இன்ஷிராவுக்கு. தெருவில் அந்தப் பிள்ளையின் உம்மா முகத்தில் எப்படி முழிப்பது? ட்றொலிச் சக்கரம் கிறீச்சிட்டு நகரத் தொடங்கியது.

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய் ட்றொலிக்கு முன்னால் நின்றாள். நின்ற பிறகுதான் என்ன சொல்வதென்று யோசித்தாள்.

"ரெண்டு கடுதாசி கிடந்திச்சு மிஸ்," என்றாள். "ஒண்டில்ல. ரெண்டு."

கேதீஸ்வரி மிஸ் கூடையையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். இந்தப் பெண்ணுக்குப் பேச வரும் என்பதே அவருக்குப் புதிது. பிறகு பிரஷாந்தியின் பக்கம் திரும்பி, நீங்களே கேளுங்கள் என்றார்.

பிரஷாந்தி தன் கேள்வியை ஹலீமிடம் கேட்டாள். தேத்தண்ணிக்குக் கடிக்க என்ன இருந்தது?

"பணிஸ் மிஸ்ஸி," என்றார் ஹலீம், ஒளிவுமறைவில்லாமல். "பொஞ்சாதி குடுத்தனுப்பின. பால் தேத்தண்ணியும் ரெண்டு கோப்பை. ஏன், அது சாப்பாடா?"

வாட்டே சிரித்தது. சுவரைப் பார்த்துக் கிடந்த வினாயகமூர்த்தியின் முதுகும் குலுங்கியது. கேதீஸ்வரி மிஸ் மட்டும் சிரிக்கவில்லை. ட்றொலியைத் திருப்பச் சொல்லிவிட்டு, ஒப்பரேஷன் தியேட்டருக்குத் தானே போய்ச் சொன்னார். இரண்டு ஒப்பரேஷனும் மறுநாள் நடந்தன, ஒரு குறையுமில்லாமல்.

பிரஷாந்தியின் புள்ளித்தாளில் மிஸ் எதையும் மறைக்கவில்லை. நேரம் போதவில்லை, விரிப்புக் கோணல், தட்டு விழுந்தது என்று எல்லாவற்றையும் எழுதினார். நோயாளியிடம் விசாரிக்கும் பகுதிக்கு மட்டும் முழுப் புள்ளி போட்டார். கூட்டிப் பார்த்தபோது சித்தியடைய வேண்டியதைவிட இரண்டு புள்ளி கூடுதலாக இருந்தது. இன்ஷிராவும் சித்தியடைந்தாள், ஆனால் எப்போதும் எடுக்கிற முதலிடம் அந்தத் தரம் இல்லை. அவள் பத்து நாளாகக் கைறுன்னிஸாவைக் கண்டும் காணாமல் நடந்தாள். பதினோராம் நாள் தண்ணீர்க் குழாயடியில் வந்து நின்றாள்.

"என்னட்டத் தனியச் சொல்லியிரிக்கலாமே ராத்தா."

"நேரமில்ல புள்ள," என்றாள் கைறுன்னிஸா. "ட்றொலி வெளிக்கிட்டிட்டு."

இன்ஷிரா நிரம்பி வழிந்த வாளியை நகர்த்தி வைத்துவிட்டு, குழாயைப் பூட்டிவிட்டுப் போனாள். அந்த வருட நோன்புக்கும் கஞ்சி வந்தது. வாளி பழைய வாளிதான், அளவும் குறையவில்லை.

இன்ஷிரா இப்போது கொழும்பில் குழந்தைகள் வாட்டில் வேலை செய்கிறாள். ஈர்க்கு மாதிரி நரம்புகளைக்கூட முதல் குத்திலேயே பிடிக்கிறாளாம். பிரஷாந்திக்கு இதே வாட்டில் நியமனம் கிடைத்திருக்கிறது. இன்னமும் கையுறையைக் கிழிக்கிறாள். நரம்பு அகப்படாவிட்டால் இரண்டாம் முறை குத்தாமல் வேறொருத்தியைக் கூப்பிடுகிறாள். தியேட்டருக்குப் போகிறவர்களிடம் காலையில் விசாரிப்பது அவளுடைய வேலை. கைறுன்னிஸாவுக்கு ஓய்வு பெற இன்னும் நாலு வருடம் இருக்கிறது. பணிஸ் கடுதாசி எதையாவது கண்டால் இப்போதெல்லாம் உடனே சொல்லிவிடுகிறாள்.