சீமோன் பேசிய ஜேர்மன்

கனடாவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் பதினான்கு மாடிக் கட்டிடம் ஒன்றைப் பராமரிக்கும் சீமோனுக்கு ஐந்து மொழிகள் தெரியும். கேட்டவர்களுக்கும் சொல்லுவார், கேட்காதவர்களுக்கும் சொல்லுவார். தமிழ், சிங்களம், ஆங்கிலம் போக, இத்தாலியனும் ஜேர்மனும்.

குருநகரில் பிறந்தவர். கனடாவுக்கென்று புறப்பட்டவரை ஏஜென்சிக்காரன் இத்தாலியின் வடக்கு மலையில் இறக்கிவிட்டு மறைந்துபோனான். அங்கே ஒரு விடுதியின் குசினியில் ஒன்பது வருடம். முதலில் கோப்பை கழுவினார், பிறகு சமைத்தார். தென் திரோல் என்ற அந்தப் பகுதி இத்தாலிக்குள் இருந்தாலும் விடுதி முதலாளி பேசியது ஜேர்மன். தபால்காரர் இத்தாலியன். பாண் கொண்டுவந்த பெண்ணோ இரண்டிலும் சேராத லடீன் என்ற மொழிக்காரி. ஊர்ப் பலகையில் ஒரே ஊருக்கு இரண்டு பெயர், சில இடங்களில் மூன்று.

"நாங்கள் ரெண்டு மொழிக்கு அடிபட்டம். அவங்கள் மூண்டையும் பலகையில எழுதிப்போட்டுத் தங்கட வேலையைப் பாக்கிறாங்கள்" என்பார் சீமோன். அவர்களும் ஒரு காலத்தில் மொழிக்காகக் குண்டு வைத்தவர்கள்தான். கதையின் வசதிக்காக அதை விட்டுவிடுவார்.

மனைவி ஜெயமலருக்கு இதெல்லாம் மனப்பாடம். கலியாண வீடோ செத்த வீடோ, அவர் "திரோலில..." என்று வாயைத் திறந்தால் ஜெயமலர் தேத்தண்ணி போட எழும்பிவிடுவார்.

போன வருடம் மகள் லக்சிகா தன்னோடு வேலை செய்யும் யோனாஸ் என்பவனை ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அழைத்து வந்தாள். ஹம்பேர்க்கில் பிறந்து வளர்ந்த அசல் ஜேர்மன்காரன். சீமோனுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. மினுக்கிய சட்டை போட்டார்.

"அப்பா, ப்ளீஸ், ஓவரா கதைக்காதேங்கோ" என்றாள் மகள்.

"அவன்ர மொழியில கதைக்க ஒரு ஆள் இருக்கிறது அவனுக்குச் சந்தோசமெல்லே?"

இறால் குழம்பு ஆறிக்கொண்டிருக்க, சீமோன் பத்து நிமிடம் பேசினார். மலை, பனி, முதலாளி, மாட்டுக்கு வந்த வருத்தம், ஒன்றையும் விடவில்லை. யோனாஸ் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். முடிந்ததும் லக்சிகாவிடம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னான்: "தமிழ் எவ்வளவு இனிமையான மொழி. இடையிடையே ஜேர்மன் சொல் மாதிரியும் கேட்குது."

ஜெயமலர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினார். சீமோன் குனிந்து இறாலைச் சாப்பிட்டார். அந்தக் குசினியில் அவர் கற்றது அந்தப் பள்ளத்தாக்கின் பேச்சு மட்டும்தான். ஹம்பேர்க்குக்கு அது எட்டாத தூரம். அதன்பின் நாலைந்து மாதம் அவர் திரோலின் பெயரையே எடுக்கவில்லை. வீடு இவ்வளவு அமைதியாக இருப்பது ஜெயமலருக்கே ஒரு மாதிரி இருந்தது.

மார்ச் மாதம், ஒன்பதாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த மரியா என்ற கிழவியின் வீட்டில் குசினிக் குழாய் ஒழுகியது. சீமோன் தொட்டிக்குக் கீழே மல்லாந்து கிடந்து இறுக்கிக்கொண்டிருந்தார். கிழவி பக்கத்தில் நின்று தனக்குத்தானே முணுமுணுத்தாள். "இந்த மனுசனுக்குக் கையா இருக்கிறது, மரக்கரண்டியா?"

சீமோனின் கை நின்றது. அது ஆங்கிலம் இல்லை. ஆனால் ஒரு சொல்லும் தப்பாமல் விளங்கியது.

"கைதான் அம்மா. குழாய்தான் பழசு" என்றார், கீழே கிடந்தபடியே, அதே பேச்சில்.

மேலே கதிரை இழுபட்டது. அவர் வெளியே தலையை நீட்டியபோது மரியா நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"இதை எங்கே கற்றாய்?"

"திரோலில், பின்ச்காவ் பள்ளத்தாக்கில்."

"அதுதானே பார்த்தேன்." அவள் முகம் சுளித்தாள். "பின்ச்காவ்காரர் சொல்லை மென்று துப்புவார்கள். நான் புஸ்டர் பள்ளத்தாக்கு. எங்கே, 'பால்' என்று சொல்லு பார்ப்போம்."

சொன்னார். அவள் திருத்தினாள். மறுபடி சொன்னார். மறுபடியும் திருத்தினாள். அரை மணித்தியாலம் பேச்சு வாங்கிக்கொண்டு, முகமெல்லாம் பல்லாக வீட்டுக்கு வந்தார்.

"பேச்சு வாங்க ஒன்பதாம் மாடிக்கு ஏறவேணுமே?" என்றார் ஜெயமலர். "நான் இஞ்ச சும்மாதானே இருக்கிறன்."

"நீர் ஏசுறது தமிழிலயப்பா."

இப்போது வியாழன்தோறும் ஒன்பதாம் மாடியில் ஏதாவது பழுதாகிறது. ஒருநாள் ஜெயமலரும் கூடப் போனார். பாண் துண்டுகளைப் பிசைந்து அவிக்கும் உருண்டைக்கு வெங்காயத்தைப் பின்ச்காவ்காரர் மாதிரி வதக்கவேண்டும் என்று சீமோனும், பச்சையாகவே போடவேண்டும் என்று மரியாவும் உரத்த குரலில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு சொல்லும் விளங்காத ஜெயமலர், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழும்பிப்போய், வெங்காயத்தை வதக்கி, இரண்டு செத்தல் மிளகாயும் கிள்ளிப் போட்டார்.

கிழவி மூன்று உருண்டை சாப்பிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னவோ சொன்னாள்.

"என்னவாம்?" என்று கேட்டார் ஜெயமலர்.

"நீரும் பின்ச்காவோ எண்டு கேக்கிறா" என்றார் சீமோன்.