சும்மா வேலை செய்த வெள்ளைக்காரர்

ஒரு காலத்திலே, ஒரு கடலோர ஊரிலே, கையில் சல்லி இல்லாத வெள்ளைக்காரர் ஒருவர் இருந்தாராம். எங்கள் வீட்டில் கேட்ட கதைகளெல்லாம் இப்படித்தான் தொடங்கும். ஆனால் எந்த ராசாவும் ஒரு மொழிபெயர்ப்பாளனை வைத்திருந்ததாக நான் கேட்டதில்லை. இரண்டு பேர் கதைக்க, நடுவில் நின்று இருவரிடமும் ஏச்சு வாங்குகிற தொழில் அது. அந்தத் தொழிலில் அடிபட்ட சகோதரர்களே, உங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

சூறாவளி அடித்து ஓய்ந்த காலம். கல்முனைப் பக்கம் தண்ணீர்க் கைப்பம்பிகள் பலதும் பழுதாகிக் கிடந்தன. திருத்த வந்தார் பீற்றர். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த எனக்கு அவருக்கு மொழிபெயர்ப்பதுதான் முதல் வேலை. அவரை அனுப்பிய தொண்டர் அமைப்பில் சம்பளம் கிடையாது. சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் மட்டும் மாதா மாதம் சின்னப் படி வரும். அதற்குள் ஊரவரைப் போல வாழவேண்டும், யாரிடமும் இலவசமாக எதையும் வாங்கக் கூடாது. மீறினால் கொழும்புக்குத் திரும்பவேண்டும். அவர் போனால் பம்பிகள் அப்படியே கிடக்கும். என் வேலையும் போய்விடும்.

ஓடி ஒளிந்த சொல்

முதல் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் எல்லாரும் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். பள்ளி நிர்வாகத்தில் இருந்த காசிம் மரைக்கார், "துரைக்குச் சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டார். பீற்றர் உற்சாகமாக, கைகளை ஆட்டி ஆட்டி நீளமாக விளக்கினார். எனக்கோ சபையில் குரல் எழும்பாது. இத்தனை கண்களைப் பார்த்ததும் 'தொண்டர்' என்ற சொல் எங்கேயோ ஓடி ஒளிந்துகொண்டது.

"சம்பளம் ஒண்டும் இல்ல. சும்மாதான் வேலை செய்றாரு. ஊடு வாசலெல்லாம் உட்டுப்போட்டு வந்திரிக்காரு" என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மரைக்கார் நெஞ்சில் கைவைத்துவிட்டார்.

"யா அல்லாஹ், ஒண்டுமில்லாத மிஸ்கீன்! ஊட்டால தொரத்திப்போட்டானுகளா?"

தலைகீழ்ப் பேரம்

வெள்ளைத் தோலைக் கண்டால் சந்தையில் விலை இரண்டு மடங்காகும். படி பாதி மாதத்தில் தீர்ந்துவிடும். ஆகவே பீற்றருக்கு ஒரே ஒரு தமிழ் வசனம் பழக்கிவிட்டு, சாய்ந்தமருதுக் கரைக்குக் கூட்டிப்போனேன். வெள்ளைக்காரர் மிஸ்கீனாம், ஏழையாம் என்ற செய்தி எங்களுக்கு முந்தியே அங்கே போயிருந்தது.

அண்ணன் முறையில் ஊரே காக்கா என்கிற மீன்கார இப்றாகிம், பாரை மீனுக்கு எட்டு ரூபா சொன்னார். "கூடிப்போச்சு காக்கா!" என்றார் பீற்றர். நாலாகக் குறைந்தது. வித்தை பலித்த சந்தோஷத்தில் பீற்றர் துள்ளினார். "கூடிப்போச்சு காக்கா!" உடனே காக்கா மீனைத் தூக்கி அவர் கையில் வைத்து, "சல்லி வேணாம், கொண்டுபோங்க" என்றார். நான் மொழிபெயர்த்ததும் பீற்றரின் முகம் வெளிறியது. இலவசம் என்றால் கொழும்பு! "நாலு!" என்று கத்தினார். "வேணாம்!" என்றார் காக்கா. "ஆறு!" "வேணாம் எண்டுறன்!" "எட்டு!" வலை இழுத்தவர்களெல்லாம் வலையை விட்டுவிட்டு ஓடிவந்து கைதட்டினார்கள். எட்டு ரூபாவைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு ஓட்டமாய் வந்தோம். பின்னால் காக்காவின் குரல் கேட்டது.

"இப்பதான் விளங்குது, இந்த மனிசன் ஏன் மிஸ்கீன் ஆனாரெண்டு!"

நோன்பு

பம்பிக்குத் தோல் வாஷர் கொழும்பிலிருந்து வந்து சேராது. பீற்றர் தன் சாப்பாட்டுப் படியிலேயே வாங்கிப் பூட்டுவார். முதல் பம்பியில் தண்ணீர் பீறிட்டபோது பிள்ளைகளோடு சேர்ந்து அவரும் நனைந்து கூத்தாடினார். அதன் பிறகு மாதக் கடைசி வரை பாணும் பருப்பும்தான். றமழான் பிறந்ததும் அவரும் பகலில் சாப்பிடாமல் இருந்தார். வீட்டுக்கார ஸல்மா உம்மா வேலிக்கு அப்பால் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, அவரு நோன்பு புடிக்காரா, இல்லாட்டிச் சோறு இல்லாமக் கிடக்காரா எண்டு கேட்டுச் சொல்லுங்க!"

பெருநாள் அரிசி

நான் கேட்கவில்லை. சோறு இல்லாமல்தான் கிடக்கிறார் என்று ஊர் தானாகவே பதில் கண்டுபிடித்துக்கொண்டது. பிறை பார்க்கிற மாலையில், ஏழைகளுக்குப் பெருநாள் தருமமான பித்றா அரிசி அளந்த வீடுகளெல்லாம் வெள்ளைக்காரருக்கென்று, விரும்பிக் கொடுக்கிற தானமான ஸதகாவும் தனியே அளந்து அனுப்பின. பெட்டி பெட்டியாக அரிசி வந்து அறைக்குள் குவிந்தது. பீற்றர் வேண்டாமென்று ஆங்கிலத்தில் கெஞ்ச, நான் தமிழில் கெஞ்ச, கொண்டுவந்தவர்கள் சிரித்துக்கொண்டே கொட்டிவிட்டுப் போனார்கள். சரியாக அந்நேரம்தான் வாசலில் ஜீப் வந்து நின்றது. கொழும்பிலிருந்து பீற்றரின் மேலதிகாரி அம்மா!

குவியலைப் பார்த்தார். "இலவசமா? நாளைக்கே நீ கொழும்புக்கு வா" என்று பீற்றரிடம் சொன்னார். பீற்றர் என் பக்கம் திரும்பி, "இங்கே ஒரு ஏழைக்கு இவ்வளவு அரிசி வந்தால் என்ன செய்வார்?" என்று கேட்டார். "பெருநாள் சாப்பாட்டுக்கு மேல் இருந்தால் அவரும் பித்றா கொடுப்பார்" என்றேன். பீற்றர் துள்ளி எழுந்தார். "ஊரவரைப் போல வாழச் சொன்னது நீங்கள்தானே?" என்று அம்மாவிடம் சொல்லி, அரிசியைச் சாக்கில் அள்ளித் தோளில் போட்டார்.

கடற்கரைக் குடிசைகள், பாண்டிருப்பு எல்லையில் வலை பின்னுகிற வீடுகள் என்று ஓட்டமும் நடையுமாகப் போனோம். வழியில் காசிம் மரைக்காரும் சேர்ந்துகொண்டார். அம்மா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் பின்னால் வந்தார். பிறை தெரிந்துவிட்டது, பள்ளியில் 'அல்லாஹு அக்பர்' என்று பெருநாள் தக்பீர் முழங்கியது. அந்தச் சத்தத்துக்கு மேலாக என் குரல் எழும்பியது, எனக்கே நம்ப முடியவில்லை: "இவர் மிஸ்கீன் இல்ல! தொண்டர்! சம்பளம் வேணாமெண்டு வந்தவர்!"

வாசலுக்குத் திரும்பி வந்ததும் அம்மா வெறும் சாக்கை உதறிப் பார்த்தார். "ஒன்றுமே இல்லையே. இல்லாததை எப்படி முறையிடுவது?" என்று சொல்லி ஜீப்பில் ஏறினார். பீற்றர் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். எங்களோடு வந்திருந்த காசிம் மரைக்கார் மட்டும் நின்றார்.

"சம்பளத்த வேணாமெண்டவரா? அப்ப மிஸ்கீன் இல்ல, விசர், பைத்தியம்! நாளைக்குப் பெருநாள் சோறு நம்மட ஊட்ட. அதுக்கும் கொழும்பில கேக்கணுமா?"

சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, பதிலுக்கு நில்லாமல் அவரும் நடந்துவிட்டார்.

'சும்மா'வுக்கு ஆங்கிலத்தில் என்ன என்று யாராவது கேட்டால், அன்றிலிருந்து நான் சும்மா இருந்துவிடுகிறேன்.