அடிப்படை ஆண்டு

ஷார்ஜாவில் ஒரு கல்லூரியின் பராமரிப்புத் துறையில் நான் குமாஸ்தாவாக இருந்தேன். இரண்டாயிரங்களின் பிற்பகுதி அது. ஒரு நாள் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, நம் கல்லூரி ஓராண்டில் எவ்வளவு கரியமில வாயு வெளியிடுகிறது என்று கணக்கெடுக்கப் போகிறார்கள், அந்தக் குழுவுக்கு வேண்டிய விவரங்களை நீதான் திரட்டிக் கொடுக்க வேண்டும் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணுக்குத் தெரியாததை எந்தத் தராசில் வைப்பது?

குழுவை நடத்தியவர் சுற்றுச்சூழல் பாடம் எடுத்த எகிப்தியப் பேராசிரியை. ஐம்பதைத் தாண்டியவர், சத்தமாகப் பேசுவார், யாரையும் உட்கார வைத்துத்தான் பேசுவார். வாயுவைப் பிடித்து அளக்க வேண்டியதில்லை என்று எனக்கு விளக்கினார். கல்லூரி வாங்கிய மின்சாரம், பேருந்துகள் குடித்த டீசல், கடல்நீரைக் குடிநீராக்கச் செலவான எரிபொருள், இவை தெரிந்தால் பெருக்கிக் கூட்டிவிடலாம். இன்னொன்றும் உண்டு. கட்டடங்களைக் குளிரவைக்கும் பெரிய எந்திரங்களுக்குள் ஓடுகிற கேஸ். அது கசிந்து வெளியே போனால், ஒரு கிலோவே ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட கரியமில வாயுவுக்குச் சமமாகிவிடும்.

அந்த கேஸ் விவரத்துக்காகத்தான் குளிரூட்டி எந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியனிடம் போனேன். கன்னியாகுமரிக் கடற்கரை ஊர்க்காரர். ஷார்ஜாவின் முவைலாப் பகுதியில் நான் இருந்த கட்டடத்திலேயே இரண்டு மாடி மேலே இருந்தார், காலையில் ஒரே பஸ்ஸில்தான் டூட்டிக்குப் போவோம். அவர் மனைவி குவைத்தில் நர்ஸ். அங்கே மங்காஃப் என்ற இடத்தில் சிறு வயது மகளை வைத்துக்கொண்டு இருந்தார். இரண்டு விசா, இரண்டு நாடு. ஆண்டுக்கு ஒருமுறை லீவு ஒத்துப்போனால் ஊரில் சந்திப்பார்கள்.

தலைமுடியில் அவருக்கு அப்படியொரு கவனம். எந்திர அறைக்குள் போகும்போதும் சட்டைப் பையில் சீப்பு இருக்கும். கோபம் சட்டென்று வரும், அதைவிடச் சட்டென்று போய்விடும்.

"போன வருஷம் எவ்வளவு கேஸ் கசிஞ்சுதுண்ணே?" என்று கேட்டேன்.

"எனக்கு எப்பிடிடே தெரியும்? கொறஞ்சா நெறப்புவேன். அம்புட்டுதான்."

"எவ்வளவு நெறப்பினீங்க?"

"சிலிண்டர் வாங்குன பில்லு உங்க ஆபீஸ்லதான கெடக்கு? என்னை வந்து நோண்டுதான் பாரு."

அவர் சொன்னது சரிதான். வாங்கின சிலிண்டரிலிருந்து மிச்சமிருப்பதைக் கழித்தால் கசிந்தது கிடைத்தது. அன்று மாலையே அவர் என்னை நிலவறைக்குக் கூட்டிப்போய் எந்திரத்தைக் காட்டினார். படியிறங்கும்போதே காது அடைத்தது. அந்தச் சத்தத்துக்குள்ளும் அவர் கத்திக்கத்தி ஒவ்வொன்றாக விளக்கினார். கதவோரத்தில் கேஸ் கசிந்தால் அலறவேண்டிய கருவி ஒன்று இருந்தது. விளக்கு எரியவில்லை. மாற்றச் சொல்லி எழுதிக்கொடுத்தாயிற்று என்றார். அறைக் காற்றை வெளியே தள்ளும் பெரிய மின்விசிறி மட்டும் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது.

வசந்தகாலம் முடிவதற்குள் குழு இரண்டு மூன்று முறை கூடியது. அறிக்கை அச்சாகும் முன்பே ஏதாவது சேமித்துக் காட்டினால் நன்றாக இருக்கும் என்று நிர்வாக அதிகாரிக்கு ஓர் எண்ணம். விடுமுறை நாட்களில் ஆளில்லாத இடங்களில் ஓடுகிற விளக்கு, விசிறி, ஏசி எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும் என்று சுற்றறிக்கை போட்டார். பேராசிரியைக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது, அவரும் அதில் கையெழுத்திட்டார். விளக்குகளையும் வகுப்பறைகளையும்தான் அவர் நினைத்தார். எந்த விசிறி எதற்காக ஓடுகிறது என்று பிரித்துச் சொல்ல அந்தக் காகிதத்தில் ஒரு வரியும் இல்லை.

சுற்றறிக்கை நிலவறைக்கும் பொருந்தும் என்று எலக்ட்ரிக்கல் ஃபோர்மேன் விசிறியை விடுமுறை நாட்களில் நிறுத்திவைக்க டைமர் மாட்ட வந்தார். டெக்னீஷியன் அவரோடு சண்டை போட்டார். ஃபோர்மேன் மேலாளரிடம் போனார். மேலாளர் என் மேஜைக்கு எதிரேதான் உட்கார்ந்திருப்பார். அவர் ஃபோர்மேனிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "வெள்ளிக்கிழமை அங்கே யார் போகப்போகிறார்கள்? கலாஸ், அவ்வளவுதான், மாட்டிவிடு."

ஆகஸ்ட் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. மாணவர்கள் இல்லாத கல்லூரி. எங்கள் ஊர்களில் ஞாயிறு மாதிரி அங்கே வெள்ளிக்கிழமைதான் தேவாலயத்தில் பூசை. அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு புறப்பட்டதைப் படியில் பார்த்தேன். நான் பக்கத்து நகரில் கால்வாய்க்கு அக்கரையில் மளிகைக்கடை வைத்திருந்த என் மாமாவைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன்.

"பிரியாணியா?" என்று கேட்டார்.

"வேற என்ன?"

"எனக்கும் ஒரு பொட்டலம் கெட்டிக்கிட்டு வா, கேட்டியா."

கணினி அறையில் சூடு ஏறுகிறது, எந்திரம் நின்றுவிட்டது என்று பூசையின் நடுவில் கல்லூரியிலிருந்து அவருக்குப் போன் வந்திருக்கிறது. டாக்சி பிடித்து நேராகக் கல்லூரிக்குப் போயிருக்கிறார். சட்டையை மாற்றக்கூட அறைக்கு வரவில்லை. நேபாளிக் காவலாளியிடம் சாவி வாங்கிக்கொண்டு கீழே இறங்கினார். எந்திரத்தில் ஒரு குழாய் இணைப்பு விட்டுப்போய், உள்ளிருந்த கேஸ் முழுக்க அந்த அறையில் நிறைந்திருந்தது. காற்றைவிடக் கனமான வாயு அது. தரையோடு தங்கி, காற்றை மேலே தள்ளிவிடும். வாடை என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. விசிறி ஓடவில்லை. கருவி அலறவில்லை.

நேரமாகியும் ஆள் வரவில்லையே என்று காவலாளி தேடிப் போனார். பாதிப் படியில் தலை சுற்றியிருக்கிறது. அந்த நேபாளிக்கு நல்ல புத்தி இருந்தது, திரும்பி மேலே ஓடிவந்துவிட்டார். முதலில் ஆம்புலன்சுக்கும் அப்புறம் எனக்கும் போன் செய்தார். நான் அப்போது அப்ரா படகில் கால்வாயைக் கடந்துகொண்டிருந்தேன். "பாய், ஜல்தி ஆவோ, ஏசிவாலா நீச்சே கிர் கயா" என்று, ஏசிக்காரர் கீழே விழுந்துவிட்டார் சீக்கிரம் வா என்று, இந்தியில் கத்தினார். படகு கரை சேரும் வரை குதிக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நான் பட்ட பாடு இன்னும் உடம்பில் இருக்கிறது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவரை வெளியே கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள். முகத்தில் துணி போட்டிருந்தது. வெள்ளைச் சட்டையில் ஒரு பக்கம் முழுக்க கிரீஸ். வெயிலில் தார்ச்சாலை நெகிழ்ந்து செருப்போடு ஒட்டியது.

மறுநாள் அவர் மனைவி குவைத்திலிருந்து வந்தார். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, டூட்டி உடுப்பின் மேல் ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்திருந்தார். விமான நிலையத்தில் நான் அடையாளம் சொல்லிக்கொண்டதும் அழவில்லை. கேள்விதான் கேட்டார்.

"என்ன கேஸு தம்பி?"

சொன்னேன்.

"எரிச்சல் உள்ளதா? மூச்சு முட்டியிருக்குமா?"

"தெரியலக்கா. வாடை இருக்காதுன்னு சொல்றாங்க. ஒண்ணும் தெரியாம மயக்கம் வந்துருமாம்."

"அப்போ ஆக்ஸிஜன் இல்லாமப் போனதுதான்." நர்ஸ் பேசுவது போலவே பேசினார். "ரெண்டு மூச்சு. அதுக்குள்ள காலு மடங்கிரும். அவருக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது." கொஞ்ச தூரம் கார் போன பிறகு, "தெரிஞ்சிருக்காதுல்லா?" என்று என்னையே கேட்டார்.

கல்லூரியில் நிர்வாக அதிகாரி அவரை மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். பிறகு, தனியாக அந்த அறைக்குள் போகக்கூடாது என்பது விதி, உங்கள் கணவர் அதை மீறிவிட்டார், எங்களுக்கும் வருத்தம்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

"அவரைத் தனியாக அழைத்தது யார்?" என்று அந்த அக்கா ஆங்கிலத்திலேயே கேட்டார்.

அதிகாரி தன் காகிதங்களை அடுக்கினார்.

அறையைப் பார்க்க வேண்டும் என்றார் அக்கா. அனுமதி கிடைக்காது என்று எனக்குத் தெரியும். அதிகாரியிடம் போகாமல் காவலாளியிடம் போய் நின்றேன். அவர் ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்தார். விடுமுறை நாள் என்றும் பாராமல் இப்போது விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கடைசிப் படி வரை இறங்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எந்திரத்தின் அடியில் அண்ணனுடைய சீப்பு கிடந்தது. அதை எடுக்க நான் கீழே இறங்கப்போனபோது அக்கா என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

"நீ கீழ போவாண்டாம். நில்லு." அவரே போய் எடுத்துக்கொண்டு வந்தார். மேலே வந்து வெளிச்சத்தைப் பார்த்த பிறகுதான் அழுதார். அவர் அழுதபோது காவலாளி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

உடல் திருவனந்தபுரத்துக்குப் போன விமானத்தில் அவரும் போனார். காகித வேலைகளை நான் பார்த்தேன். போலீஸ் எங்கள் எல்லோரிடமும் வாக்குமூலம் வாங்கியது. சுற்றறிக்கையையும் டைமரையும் பற்றி நான் கேட்டதைக் கேட்டபடி சொன்னேன். அது என்ன ஆயிற்று என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. டைமரைக் கழற்றினார்கள், புதிய கருவி மாட்டினார்கள். மேலாளர் வேலையில்தான் இருந்தார்.

செப்டம்பர் முடிவில் குழு மீண்டும் கூடியது. கேஸ் கசிவு வரிசையில் நான் போட்டிருந்த எண் முந்தைய மாதங்களையெல்லாம் விழுங்கிவிடும் அளவுக்கு நின்றது. ஒரே நாளில் வெளியேறியது அது. ஒருவர், இது விபத்து, வழக்கமான செயல்பாடு கிடையாது, கணக்கிலிருந்து நீக்கிவிடலாமா என்றார். நிர்வாக அதிகாரி வேண்டாம் என்றார். இது முதல் அறிக்கை, இனிமேல் வருகிற ஆண்டுகளை இதோடுதான் ஒப்பிடுவோம், இதுதான் நமக்கு அடிப்படை ஆண்டு. இது பெரிதாக இருந்தால் அடுத்த ஆண்டு தானாகவே குறைந்து தெரியும். பொய்யும் இல்லையே, வாயு உண்மையாகவே வெளியேறியிருக்கிறது.

இரண்டொருவர் தலையசைத்தார்கள். அந்த மேஜையில் பேசும் உரிமை எனக்கு இல்லை. தேநீர் வைத்தவரைப் போலத்தான் நானும். ஆனாலும் பேசினேன். இந்த எண்ணை வைப்பதானால், இந்தக் கசிவில் நம் ஊழியர் ஒருவர் இறந்தார் என்று அதன் கீழே ஒரு வரி போட வேண்டும் என்றேன். என் ஆங்கிலம் தடுமாறியது. இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"இது வாயு பற்றிய அறிக்கை" என்றார் அதிகாரி.

பேராசிரியை அதுவரை தலை நிமிரவில்லை. இப்போது அவர் சத்தமாகப் பேசவில்லை, அதனாலேயே எல்லோருக்கும் கேட்டது. "அந்தச் சுற்றறிக்கையில் என் கையெழுத்தும் இருக்கிறது. அந்த வரி இல்லாத அறிக்கையில் என் பெயர் இருக்காது" என்றார். அதிகாரி, உணர்ச்சிவசப்பட வேண்டாம் டாக்டர் என்றார். பேராசிரியை தன் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அந்தக் கல்வியாண்டு முடிந்ததும் கெய்ரோவுக்கே திரும்பிவிட்டார். புறப்படும் முன் என் மேஜைக்கு வந்து நின்றார். என்னை உட்காரச் சொல்லக்கூட மறந்து, "அந்தப் பெண்ணின் முகவரி உன்னிடம் இருக்கிறதா?" என்றார். எழுதிக் கொடுத்தேன்.

அறிக்கை பளபளக்கும் தாளில் அச்சாகி வந்தது. பேராசிரியை பெயர் இல்லை, நான் கேட்ட வரியும் இல்லை. அடுத்த ஆண்டு கசிவு வரிசை அதிகாரி சொன்னபடியே சரிந்து இறங்கியது. பச்சைச் சாயமடித்த படத்தோடு அதை நுழைவாயில் கூடத்தில் மாட்டினார்கள். தினமும் அதைக் கடந்துதான் டூட்டிக்குப் போனேன். வேலையை விட எனக்குத் துணிவில்லை. தங்கைக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். வேறு இடம் கிடைத்த பிறகுதான் விட்டேன். அந்த வேலை குவைத்தில் கிடைத்தது.

மங்காஃபில் அக்காவின் வீட்டுக்குப் போனேன். மகள் வளர்ந்திருந்தாள். எனக்கு ஆங்கிலத்தில் வணக்கம் சொல்லிவிட்டு வீட்டுப்பாடத்துக்குள் போய்விட்டாள். அக்கா நைட் டூட்டி முடித்து வந்து மீன் குழம்பு வைத்திருந்தார். எகிப்துக்கார அம்மா இரண்டு முறை கடிதம் எழுதினாள், நான் பதில் எழுதவில்லை என்றார்.

"ஏன்க்கா?"

"அவ மன்னிப்பு கேக்கா. குடுக்க எனக்க கையில இல்ல தம்பி. இல்லாததை எப்பிடி எழுத?"

அறிக்கையைப் பற்றி, நான் கேட்ட அந்த வரியைப் பற்றி, அவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்த ரூமப் பத்தி இனி எங்கிட்ட பேசாண்டாம். நீ கேட்டிருப்பேன்னு எனக்குத் தெரியும். சோறு ஆறுது, தின்னு."

தின்றேன். பிறகு அவர் தன் அம்மாவுக்கு விசிட் விசா எடுப்பது பற்றி விசாரித்தார். தெரிந்ததைச் சொன்னேன். மதியம் அவர் தூங்க வேண்டும் என்பதால் சீக்கிரமே கிளம்பிவிட்டேன்.